நடைக் கோடுகளில் விழும் முடிச்சுகள்

ஒரு கட்டடத்துக்குள் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதைக் கணினியில் கோடுகளாக வரைவது என் வேலையில் ஒரு பகுதி. தரைத்தளப் படத்தின் மேல் நீலமும் சிவப்புமாக ஓடும் அந்தக் கோடுகள் பார்க்கிற எவருக்கும் பிடித்துப்போகும். சுவர்களும் கதவுகளும் மட்டுமே இருந்த படத்தில் திடீரென்று மனிதர்கள் வந்துவிட்டது போல இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு எண்ணம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோடு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகவே அது கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறது. நடந்தவர் எங்கே வேகம் குறைத்தார், எங்கே நின்று சுற்றும்முற்றும் பார்த்தார், எங்கே நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார் என்பதில்தான் கட்டடத்தின் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன. நாம் பயன்படுத்தும் கணக்கீட்டு முறைகளில் பெரும்பாலானவை முதல் வேலையாக அதைத்தான் துடைத்துவிடுகின்றன.

இது ஒரு மென்பொருளின் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. நடைக் கோடு என்ற கருவி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால், துடைப்பது அதன் பிறவியிலேயே இருக்கிறது.

உராய்வில்லாத வீடு

1910-களில் ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளிகளின் விரல்களில் சிறு விளக்குகளைக் கட்டி, கேமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தார்கள். கை போன பாதை முழுவதும் படத்தில் ஒளிக் கோடாக விழுந்தது. விளக்கை விட்டு விட்டு எரியவைத்தபோது கோடு புள்ளிகளாக உடைந்து, கை எங்கே வேகமாகப் போனது, எங்கே மெதுவாகப் போனது என்பதும் தெரிந்தது. அந்தக் கோடுகளைக் கம்பியில் வளைத்து மாதிரிகள்கூடச் செய்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: வீணான அசைவைக் கண்டுபிடித்து வெட்டுவது.

கட்டடக்கலைக்கு அந்த எண்ணம் வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது, ஜெர்மனியில் இயங்கிய அலெக்சாண்டர் கிளைன் 1928-இல் வெளியிட்ட வீட்டுப் படங்கள். இரண்டு வீட்டுத் திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் இருப்பவர்கள் நாள் முழுவதும் நடக்கும் பாதைகளை அவற்றின் மேல் வரைந்தார். ஒன்றில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சிக்கலாகக் கிடந்தன. இன்னொன்றில் படுக்கையறைப் பக்கத்துப் போக்குவரத்தும் சமையலறைப் பக்கத்துப் போக்குவரத்தும் தொடாமல் ஓடின. இரண்டாவதை அவர் உராய்வில்லாமல் வாழ்வதற்கான வீடு என்றார். ஐம்பது ஆண்டு கழித்து, 1978-இல், ராபின் எவன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் படத்தை எடுத்து வைத்துக் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது என்றால் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் எதிரெதிரே வருகிறார்கள் என்று அர்த்தம். அதை உராய்வு என்று ஏன் எண்ண வேண்டும்?

கணினி வந்த பிறகு இது இன்னும் கெட்டிப்பட்டது. 1964-இல் வைட்ஹெட்டும் எல்டார்ஸும் ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பகுதியை எடுத்துக்கொண்டு, எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு எத்தனை தடவை நடக்கிறார்கள் என்ற அட்டவணையைக் கணினிக்குக் கொடுத்து, மொத்த நடை குறையும்படி அறைகளை அடுக்கவைத்தார்கள். செவிலியர் ஒரு நாளில் நடக்கும் தூரம் குறைந்தால் அது பெரிய நன்மை. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒருவர் வழியில் என்ன பார்த்தார், எங்கே நின்றார் என்பதற்கு இடமே கிடையாது. தூரத்தைத் தடவையால் பெருக்கினால் முடிந்தது.

கணக்கு எதைப் பார்க்கிறது

இன்று கோடு வரைய நம் கையில் இருக்கும் முறைகளை நான் அவற்றின் செலவுக் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். எதை விலையாக வைக்கிறாய் என்று கேட்டால் போதும், அந்த முறையின் குணம் தெரிந்துவிடும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் கொடுத்த குறுகிய பாதை அல்காரிதமும், 1968-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஏ-ஸ்டாரும் விலையாக வைப்பது தூரத்தை. தரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து எட்டுத் திசைகளிலும் நகரலாம் என்று வைத்தால், கணினி சொல்லும் தூரம் உண்மைத் தூரத்தைவிட 8 சதவீதம்வரை கூடுதலாக வரலாம். நாலு திசை மட்டும் என்றால் 41 சதவீதம்வரை. இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. எப்படிச் சரிசெய்தாலும் கிடைக்கும் பாதை ஒவ்வொரு மூலையையும் உரசிக்கொண்டே போகும். நிஜத்தில் யாரும் தோளைச் சுவரில் தேய்த்துக்கொண்டு திரும்புவதில்லை. இதற்கு நேரெதிராக, ஹாரி புளும் 1967-இல் சொன்ன நடு அச்சு முறை இருக்கிறது: ஒரு வடிவத்தின் ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் புல்லில் தீ வைத்தால் உள்ளே வரும் தீ எங்கே சந்தித்து அணைகிறதோ அதுதான் நடுக்கோடு. அந்தக் கோட்டில் நடப்பவர் எப்போதும் இரண்டு சுவருக்கும் சம தூரத்தில் இருப்பார். காலியான நடைவழியில்கூட யாரும் அப்படி அளந்து நடப்பதில்லை. நிஜ நடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

என் மனதுக்கு நெருக்கமானது பார்வையை விலையாக வைக்கும் முறைகள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் தங்கள் சகாக்களோடு வளர்த்தெடுத்த ஸ்பேஸ் சின்டாக்ஸ், மீட்டரை ஒதுக்கிவிட்டுத் திருப்பங்களை எண்ணியது. ஒரு இடத்தின் எல்லாப் பகுதிகளையும் தொட்டுவிடும், எண்ணிக்கையில் மிகக் குறைந்த, நீளத்தில் மிகப் பெரிய கோடுகளை வரைவார்கள். ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோடுகளுக்குப் போக எத்தனை முறை கோடு மாற வேண்டும் என்று எண்ணுவார்கள். சராசரியாகக் குறைந்த மாற்றத்தில் எல்லா இடத்துக்கும் போக முடிகிற கோடு சிவப்பு. ஆழத்தில் ஒளிந்திருப்பது நீலம். இவ்வளவு எளிய கணக்கு தெருக்களில் நடப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனதுதான் அந்தத் துறையின் பெரிய ஆச்சரியம். 2005-இல் ஹில்லியரும் ஷினிச்சி இயிடாவும் லண்டனின் நான்கு பகுதிகளில் சோதித்தபோது, தூரத்தைக் குறைக்கும் பாதைகளைவிடத் திருப்பக் கோணத்தைக் குறைக்கும் பாதைகள்தான் நிஜ நடமாட்டத்தை நன்றாக விளக்கின. நம் மூளைக்கு நீட்டிக்கிடக்கும் மீட்டர்களைவிட, நேராகப் போகிறோமா வளைகிறோமா என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

கட்டடத்துக்குள் இதே எண்ணம் இன்னும் நுணுக்கமாக வேலை செய்கிறது. ஒரு புள்ளியில் நின்றால் சுற்றிலும் எவ்வளவு பரப்பு கண்ணில் படுகிறது என்பதை 1979-இல் மைக்கேல் பெனடிக்ட் ஐசோவிஸ்ட் என்று ஓர் உருவமாக வரைந்து காட்டினார். 2001-இல் அலஸ்டேர் டர்னரும் உடனிருந்தவர்களும் அதைத் தரை முழுவதற்கும் விரித்தார்கள். தரையைக் கட்டங்களாக்கி, ஒன்றையொன்று பார்க்க முடிகிற கட்டங்களை எல்லாம் கோடு போட்டு இணைத்து ஒரு வலைப்பின்னலாக்குவது. 10,000 கட்டங்கள் இருந்தால் சோதிக்க வேண்டிய ஜோடிகள் ஏறக்குறைய 5 கோடி. டர்னர் எழுதிய டெப்த்மேப் மென்பொருள் இதைச் சாதாரணக் கணினியிலேயே செய்தது. அடுத்த ஆண்டு அவரும் ஆலன் பென்னும் அந்த வலைப்பின்னலுக்குள் நடமாடும் உருவங்களை விட்டார்கள். அவற்றுக்கு ஞாபகம் கிடையாது, போய்ச் சேர வேண்டிய இடம் கிடையாது. 170 பாகை அகலத்துக்குப் பார்க்கும், தெரிகிற இடத்தில் ஏதோ ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து மூன்று அடி வைக்கும், மறுபடி தேர்ந்தெடுக்கும். லண்டனின் டேட் காட்சியகத்தில் நிஜமாக வந்தவர்களின் நடமாட்டத்தோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் கால் போகிறது என்ற ஒரே விதியால் இவ்வளவு கிடைக்கிறதே என்று முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான்.

இந்த முறைகளால் நேரடிப் பலனும் உண்டு. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தை ஆராய்ந்தபோது, ஊர்க்காரர்கள் சதுக்கத்தின் நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரமாகவே சுற்றிப் போவது தெரிந்தது. பார்வைக் கணக்கு காட்டிய இடத்தில் வடக்குப் பக்கம் அகலமான நடுப் படிக்கட்டு வந்தது, 2003-இல் திறந்தார்கள். நடுப்பகுதி உயிர் பெற்றது. ஆகவே கோடுகள் பொய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். எனக்குள்ள சிக்கல் வேறு.

அந்த முக்கு

ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவை விரிவாக்கும் வேலை. பழைய கட்டடத்தில் நடமாட்டம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கூரையில் ஆழக் கேமராக்களை (எதிரிலிருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பவை) பொருத்திச் சேகரித்த தடங்கள் எங்களுக்கு வந்திருந்தன. முகம் தெரியாது, மேலிருந்து பார்க்கும் தலையும் தோளும் மட்டும். ஒரு வினாடிக்குப் பல முறை ஒவ்வொரு தலையும் எங்கே இருந்தது என்ற பதிவு. சேகரித்துக் கொடுத்தவர்கள் அதை நன்றாகச் சுத்தம் செய்தே அனுப்பியிருந்தார்கள். படமாக்கியபோது, பதிவு மேசையிலிருந்து கிளம்பி நடைவழிகள் சந்திக்கும் இடத்தில் மூன்றாகப் பிரிந்து ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் மருத்துவர் அறைகளுக்கும் ஓடும் பட்டைகள் அழகாக வந்தன. பார்வைக் கணக்கிலும் அந்தச் சந்திப்புதான் அடர் சிவப்பு: கட்டடத்திலேயே அதிக இடங்களோடு இணைந்த புள்ளி. அளந்ததும் கணக்கிட்டதும் ஒத்துப்போயின. எல்லோருக்கும் திருப்தி.

அந்தப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அந்தச் சிவப்புப் புள்ளியில் விரலை வைத்து, "எல்லாம் சரிங்க, இந்த முக்குல ஜனங்க வந்து வந்து நின்னு முழிப்பாங்களே, அது இதுல எங்க இருக்கு? எனக்குப் பாதி நேரம் அவங்களுக்கு வழி சொல்றதுலயே போயிடுது," என்றார்.

படத்தில் அது எங்கேயும் இல்லை. கோடுகள் அந்த முக்கைத் தயக்கமே இல்லாமல் கடந்து போயின. சுத்தம் செய்யாத மூலப் பதிவைக் கேட்டு வாங்கினோம். அதே முக்கைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு தடத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. வேகம் குறைகிறது. ஒரு அடி இடப்பக்கம், ஒரு அடி வலப்பக்கம். சிலர் நேராக நாலைந்து மீட்டர் போய், வந்த வழியே திரும்பி, அப்புறம் மறுபடி அதே திசையில் போகிறார்கள். சிலருடைய தடம் சுவரோரம் ஒதுங்கி, இன்னொரு தடம் பக்கத்தில் வந்ததும் அதோடு கொஞ்ச நேரம் ஒட்டி நிற்கிறது, வழி கேட்கிறார்கள். மூலப் பதிவில் இவ்வளவும் இருந்தது. சுத்தம் செய்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏன் மிஞ்சவில்லை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தடங்கள் இரண்டு கட்டங்களாகச் சுத்தமாகியிருந்தன. முதலில் கால்மன் வடிகட்டி. ருடால்ஃப் கால்மன் 1960-இல் கொடுத்த முறை. நடப்பவர் இப்போது போகும் வேகத்திலும் திசையிலும்தான் அடுத்த கணமும் போவார் என்று எதிர்பார்த்து, அளவீடு அதிலிருந்து விலகினால் ஒரு பங்கை மட்டும் நம்பும். அளவீட்டில் வரும் நடுக்கத்தை அடக்க இது அருமையான வழி. ஆனால் சட்டென்று நின்று திரும்புகிறவரும் அதன் கண்ணுக்கு நடுக்கமாகத்தான் தெரிவார். அடுத்தது டக்ளஸ்–பூக்கர் முறை, 1973-இல் வந்தது. வரைபடங்களில் உள்ள வளைகோடுகளைக் குறைந்த புள்ளிகளில் சேமிப்பதற்காக உருவானது. கோட்டின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்து, அந்த நேர்கோட்டிலிருந்து குறிப்பிட்ட அளவுக்குமேல் விலகும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். விலகல் ஒரு மீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டருக்குள் நடந்த தடுமாற்றம் முழுவதும் போய்விடும். இன்னும் ஒன்று இருக்கிறது. ஒருவர் நேராக ஐந்து மீட்டர் போய், அதே கோட்டில் ஐந்து மீட்டர் திரும்பி வந்து, மறுபடி அதே கோட்டில் போனால், அவருடைய எல்லாப் புள்ளிகளும் அந்த நேர்கோட்டின் மேலேயே விழுகின்றன. விலகல் சுழியம். ஆகவே வழி தவறித் திரும்பிய அந்தப் பத்து மீட்டர் நடையும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். ஆற்றையும் கடற்கரையையும் வரைந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர்களுடைய கோட்டில் நேரம் கிடையாது. நடந்தவரின் கோட்டில் நேரம்தான் பாதி விஷயம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2004-இல் மெராட்னியாவும் டி பையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு திருத்தத்தைக் கொடுத்தார்கள். ஒரு புள்ளி நேர்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்காமல், சீரான வேகத்தில் போயிருந்தால் அந்த நேரத்தில் எங்கே இருந்திருப்பாரோ அந்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறார் என்று பார்ப்பது. நின்றவர் பின்தங்குவார், திரும்பியவர் வெகுவாகப் பின்தங்குவார், முடிச்சு தப்பிக்கும். மாற்றம் என்னவோ சில வரி நிரல்தான். நடைத் தடங்களைக் கையாளும் எவரும் இதை விட்டுவிட்டுப் பழைய முறையைப் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மூலப் பதிவை வைத்துக்கொண்டு அந்த முக்கில் நின்றால் எதெது தெரிகிறது என்று மறுபடி பார்த்தோம். பதிவு மேசைப் பக்கமிருந்து வருகிறவருக்கு ஆய்வகத்தின் பலகையை ஒரு தூண் மறைக்கிறது. சந்திப்பைத் தாண்டி நாலைந்து மீட்டர் போன பிறகுதான் தூண் விலகி, பலகை கண்ணில் படுகிறது, அதுவும் திரும்பிப் பார்த்தால். பார்வைக் கணக்கு அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டியது சரிதான். எல்லாப் பக்கமும் திறந்த இடம் அது. ஆனால் எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்பதை மட்டுமே அது எண்ணுகிறது. வந்தவர் தேடுவது அதில் ஒரே ஒரு பக்கம். மற்றத் திறப்புகள் எல்லாம் அவருக்குக் குழப்பம்.

எலியின் தலைத் திருப்பம்

தயக்கத்தை எண்ணாக அளக்க முடியுமா என்று தேடியபோது உதவியது கட்டடக்கலை இல்லை, உளவியல். புதிர்வழியில் ஓடும் எலி, பாதை பிரியும் இடத்தில் நின்று தலையை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று திருப்பிப் பார்க்கும். எட்வர்ட் டோல்மன் 1930-களிலேயே இதைக் கவனமாக ஆராய்ந்தார். மனதில் இருக்கும் வரைபடம் என்ற கருத்தை 1948-இல் முன்வைத்தவரும் அவர்தான். பிற்காலத்தில் நரம்பியல் ஆய்வாளர்கள், டேவிட் ரெடிஷின் குழு போன்றவர்கள், இதற்கு எளிமையான ஓர் அளவை வைத்தார்கள். பிரியும் இடத்தில் இருக்கும் நேரம் முழுவதும் தலையின் திசை ஒவ்வொரு கணமும் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, இடமா வலமா என்ற குறியை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கூட்டுவது. நேராகப் போய் ஒரு முறை திரும்பினால் கூட்டுத்தொகை சிறியது. இங்கும் அங்கும் பார்த்தால் ஏறிக்கொண்டே போகும்.

மனிதத் தடங்களில் இதை அப்படியே போட முடியாது. நிற்கிறவரின் இடப் புள்ளி சென்டிமீட்டர் கணக்கில் நடுங்கும். அந்த நடுக்கத்திலிருந்து திசையைக் கணக்கிட்டால் சும்மா நிற்கிறவரும் பம்பரமாகச் சுற்றுவதாக வரும். அதனால் இடம் மாறுவதிலிருந்து திசையை எடுக்காமல், மேலிருந்து தெரியும் தோள்களின் நீள்வட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தபோது ஒரு நல்ல வேறுபாடு கிடைத்தது. அந்த முக்கில் நின்றவர்கள் எல்லோரும் வழி தெரியாதவர்கள் இல்லை. உடன் வந்தவருக்காகக் காத்திருந்தவர்கள், தெரிந்தவரைப் பார்த்துப் பேசியவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் நீண்ட நேரம் நின்றார்கள், ஆனால் தோள் அதிகம் திரும்பவில்லை. வழி தேடியவர்கள் சில வினாடிகளே நின்றார்கள், அதற்குள் பல முறை திரும்பினார்கள். நின்ற நேரத்தை மட்டும் அளந்திருந்தால் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பிரச்சினை என்றும், தவித்தவர்களை ஒன்றுமில்லை என்றும் முடிவு கட்டியிருப்போம்.

கிளைனின் வீட்டுக்கு எவன்ஸ் வைத்த கேள்விக்கு இங்கே ஒரு கணக்கீட்டு வடிவம் இருப்பதாக நினைக்கிறேன். தவிப்பதற்காக நிற்பதைக் குறைக்க வேண்டும். சந்திப்பதற்காக நிற்பதற்கு இடம் விட வேண்டும். வழவழப்பான கோட்டில் இரண்டும் ஒன்றாகவே காணாமல் போகின்றன. அந்த மருத்துவமனையில் பலகையைத் தூணுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்ததோடு, ஆய்வகத்துக் காத்திருப்பு நாற்காலிகள் நடைவழியிலிருந்தே தெரியும்படி சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னலும் வைக்கச் சொன்னோம். மூலையில் ஒதுங்கி நின்று பேசுகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. மொத்த நடைத் தூரம் இதனால் பெரிதாக மாறாது. குறுகிய பாதைக் கணக்கில் பழைய திட்டத்துக்கும் புதியதற்கும் வித்தியாசமே தெரியாது.

யாருடைய கோடு

மூலப் பதிவில் இன்னொன்றும் புலப்பட்டது. நடமாட்டத்தை நிறத்தால் காட்டும் வெப்ப வரைபடத்தில் அடர்த்தியாகத் தெரிந்த பட்டைகளில் பெரும்பகுதி ஊழியர்களுடையது. ஒரு செவிலியர் ஒரே நாளில் அந்த முக்கைத் திரும்பத் திரும்பக் கடப்பார். நோயாளி ஒரு முறை, மிஞ்சிப்போனால் சில முறை. தடங்களை எண்ணி அடர்த்தி போட்டால், கட்டடத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்களின் நடைதான் படத்தை ஆளும். தயக்கமே இல்லாத கோடுகள் வந்ததற்குத் துடைத்தது பாதிக் காரணம், இது மீதிக் காரணம். ஆளுக்கு ஒரு வாக்கு என்று எடை போட்டுப் பார்த்தால் படம் வேறு மாதிரி வருகிறது.

உடல்களும் வேறு வேறு. சக்கர நாற்காலி ஒரே இடத்தில் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் தேவை. 12-க்கு 1 சரிவில் ஒரு மீட்டர் ஏறச் சாய்தளம் 12 மீட்டர் நீள வேண்டும், நடுவில் ஓய்வுத் தளங்கள் தனி. பார்வை இல்லாதவர் கோலால் சுவரோரத்தைத் தொட்டுக்கொண்டே போவார். அவருக்கு நடைவழியின் நடு அச்சு என்பது எந்தப் பிடிமானமும் இல்லாத இடம். கண்ணுக்குத் தெரிகிற பக்கம் கால் போகும் என்ற விதியும் அவருக்குப் பொருந்தாது. இவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் எந்தச் சராசரிக் கோட்டிலும் தெரிய மாட்டார்கள். அதனால் நான் சராசரிக் கோடு வரைவதையே குறைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வகையினருக்கும் தனித் தாள், அதே கட்டடம்.

மூலப் பதிவின் மறுபக்கம்

மூலப் பதிவை வைத்திருங்கள் என்று இவ்வளவு வலியுறுத்தும்போது இன்னொரு பக்கத்தையும் நான் எடுத்து வைத்தாக வேண்டும். 2013-இல் இவ்-அலெக்சாந்தர் த மோன்ஜோயும் உடன் ஆய்வாளர்களும் 15 இலட்சம் பேரின் 15 மாத மொபைல் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெயர் எதுவும் இல்லாத அந்தப் பதிவுகளில், எந்த நேரத்தில் எங்கே என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதத்தினரைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று கண்டார்கள். அது ஊரளவு, கோபுரத்துக்குக் கோபுரம் எடுத்த முரட்டுத் தரவு. மருத்துவமனைக்குள் ஒருவர் பதிவு மேசையிலிருந்து எந்த மருத்துவரின் கதவுவரை போனார் என்று வினாடி கணக்கில் வைத்திருப்பது அதைவிட எவ்வளவோ நெருக்கமானது. முகம் இல்லை என்பது இங்கே பெரிய ஆறுதல் இல்லை. நடையின் முழு நீளமும் இருந்தால் அதுவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். தடங்களை வழவழப்பாக்கிக் கூட்டிக் கலந்துவிடுவதை ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான காரணம் இதுதான், அது சரியான காரணமும்கூட.

ஆனால் முடிச்சுகளைப் பார்க்க முழு நீளம் வேண்டாம். தயக்கம் நடப்பது சந்திப்பைச் சுற்றி ஆறு, ஏழு மீட்டருக்குள். ஆகவே தடத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடலாம்: ஒவ்வொரு சந்திப்புக்குள் நுழையும்போதும் ஆளுக்குப் புதிய எண், வெளியே போனதும் அந்த எண் முடிந்துவிடும், அடுத்த சந்திப்பில் வேறொரு எண். துண்டுக்குள் மூலப் பதிவின் நுணுக்கம் முழுவதும் இருக்கும். துண்டுகளைக் கோத்து ஒருவரின் பயணமாக்கும் வழி இருக்காது, நேர முத்திரையையும் மணிக் கணக்குக்கு மழுங்கடித்துவிட்டால். இதில் ஒரு இழப்பு உண்டு. பதிவு மேசையிலிருந்து மருந்தகம்வரை ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது கிடைக்காது. ஆளுக்கு ஒரு வாக்கு என்ற எடையையும் ஒவ்வொரு சந்திப்புக்குள் தோராயமாகத்தான் போட முடியும். முதலாவதற்கு வரிசைச் சீட்டில் பதிவாகும் நேரங்கள் போதும். இரண்டாவதற்கு ஊழியர்களின் அடையாளப் பட்டையில் ஒரு பிரதிபலிக்கும் கோடு வைத்தால், கேமரா ஊழியர், வருகையாளர் என்று இரண்டாகப் பிரிக்கும், அதற்குமேல் எதையும் அறியாது. ஊழியர்களுக்கு அது பிடிக்க வேண்டும், அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அந்த முக்கைச் சுட்டிக்காட்டியதே அவர்களில் ஒருவர்தான்.

இப்போது புதிய வேலை எது வந்தாலும் சென்சார் பொருத்துவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்கிறேன். தடங்களை எந்த முறையில் எளிமையாக்குகிறார்கள், அதில் நேரம் சேர்ந்திருக்கிறதா. ஒரு தடத்தின் எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. துண்டுகளை எத்தனை நாள் வைத்திருந்து எப்போது அழிக்கிறார்கள். சிலர் கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் விஷயத்தை ஏன் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், அது உள்வேலை ஆயிற்றே என்று சிலர் கேட்கிறார்கள். அப்போது மூலப் பதிவையும் சுத்தம் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த முக்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறேன்.